தொடைப்பையில் 13 பொருள்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிய அந்த டைவில் யாருக்கும் அடிபடவில்லை. யாருக்கும் காற்று தீரவில்லை. தொலைந்தது ஒரு மாற்று மாஸ்க் (கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி) மட்டும்தான். படகில் ஏறியதும் சிரித்துப் பேசி முடித்துவிடக்கூடிய விஷயம். முதல் அரை மணி நேரத்துக்கு அப்படித்தான் முடித்தும் வைத்திருந்தோம். அப்புறம் டைவ் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த ஆழக்கோட்டைப் பார்த்தேன். 12 மீட்டரில் சமமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் விருட்டென்று எழும்பி, 8 மீட்டரைத் தொட்டு, மறுபடி சரிந்து இறங்கியிருந்தது. 20 விநாடியில் 4 மீட்டர். அதாவது நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகம். மேலே ஏறும்போது நான் கடைப்பிடிக்கும் வரம்பு 9.

ஏதோ பெரிய மீனைப் பார்த்து மிரண்டு எழும்பியிருந்தால்கூட வெளியில் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். நான் எழும்பியது, என் தொடையில் இருந்த பையிலிருந்து ஒரு பொருளை எடுக்கத் தெரியாமல்.

பெரிதாக ஏதாவது நடந்துவிட்டால் பையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். காற்று எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒன்றும் ஆகாத டைவில்தான் பையைக் கொட்டிப் பார்க்க நிதானம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பை எப்படி இருந்தது

அன்று போட்டிருந்தது 5 மி.மீ. நியோப்ரீன் உடை. அதன் மேல் இரண்டு தொடையிலும் பை தைத்த கால்சட்டை, கைகளில் 3 மி.மீ. கையுறை, முதுகில் 12 லிட்டர் சிலிண்டர். பிசிடியில் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) உள்ள பைகளை நான் நம்புவதில்லை. பிசிடியில் காற்று ஏறியதும் அந்தப் பைகள் நெருக்கிக்கொள்ளும், உள்ளே விரல் போகாது. தொடைப்பைக்கு அந்தத் தொல்லை கிடையாது.

வலது பையில் 13 பொருள்கள் இருந்தன. ஸ்பூல், அடையாள மிதவை, மாற்று மாஸ்க், தண்ணீருக்குள் எழுதும் வெட்நோட்ஸ், சின்ன டார்ச், நூல் அறுக்கும் கட்டர், கத்தரிக்கோல், உபரியாக ஓர் இருமுனை ஸ்னாப் (இரண்டு முனையிலும் திறந்து மூடும் கொக்கி), வெயிலைத் திருப்பிக் காட்டும் சிறு கண்ணாடி, விசில், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள் அடங்கிய ஓ-ரிங் டப்பா, சுவாசக் கருவியான ரெகுலேட்டருக்கு மாற்று மவுத்பீஸ் (வாயில் கவ்வும் பகுதி), கடலில் கிடக்கும் குப்பையைப் பொறுக்க ஒரு வலைப்பை. இடது பை காலி. கேமரா விளக்கு வாங்கினால் வைக்கலாம் என்று ஒதுக்கி வைத்தது. விளக்கு இன்னும் வாங்கவில்லை.

டைவ் பழக்கம் இல்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அடையாள மிதவை என்பது சுருட்டி வைக்கக்கூடிய, ஆளுயரம் வரும் ஆரஞ்சு நிறக் குழாய். தண்ணீருக்குள் இருந்தபடியே அதில் காற்றை நிரப்பி மேலே அனுப்பினால், நாம் எங்கே ஏறி வருகிறோம் என்று படகுக்காரருக்குத் தெரியும். அதோடு நம்மை இணைக்கும் நூல் சுற்றிய உருளைதான் ஸ்பூல். நடுவில் விரல் நுழையும் துளை, ஓரத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள். என்னுடையதில் 30 மீட்டர் நூல்.

இனி இந்தக் கதையின் முன்கதை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, இதே பையிலிருந்து வேறொரு ஸ்பூல் தொலைந்தது. அப்போது எந்தப் பொருளையும் எதிலும் மாட்டி வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை, எல்லாம் சும்மா கிடக்கும். வெட்நோட்ஸை எடுக்க மூடியைத் திறந்தேன். தலை கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது. நிலத்தில் பையின் வாய் எப்போதும் மேலே பார்க்கும், தண்ணீருக்குள் அது எங்கே பார்க்கும் என்பது நாம் மிதக்கிற விதத்தைப் பொறுத்தது. ஸ்பூல் சத்தமில்லாமல் நழுவிப் போனது.

அந்த எரிச்சலில் ஒரு சீர்திருத்தம் செய்தேன். பையின் அடியில் இருந்த கண்ணியில் எலாஸ்டிக் கயிற்றைக் கட்டிப் பெரிய வளையமாக விட்டேன். பித்தானை இழுத்தால் திறக்கும் போல்ட் ஸ்னாப்களை ஒரே அளவில் மொத்தமாக வாங்கி, ஸ்பூல், மிதவை, மாஸ்க், வெட்நோட்ஸ், டார்ச், கத்தரிக்கோல், வலைப்பை ஆகிய ஏழையும் அந்த ஒரே வளையத்தில் மாட்டினேன். பொருள் வெளியே வரை வரட்டும் என்று வளையத்தையும் தாராளமாக விட்டேன். மற்ற ஆறும் இடுக்குகளில் அடைந்துகொண்டன. இனி எதுவும் தொலையாது என்று நிம்மதி. அது உண்மையும்கூட. அடுத்த ஆறு டைவில் எதுவும் தொலையவில்லை. காரணம், அந்த ஆறு டைவில் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

41ஆவது நிமிடம்

அன்றைய அதிக ஆழம் 22 மீட்டர். பாறைச் சரிவை ஒட்டித் திரும்பி வந்து, 12 மீட்டரில் நங்கூரக் கயிற்றைத் தேடினோம். நீரோட்டம் நாங்கள் கணக்குப் போட்டதைவிட அதிகம். கயிறு கண்ணில் படவில்லை. இதில் பதற ஒன்றும் இல்லை, கிளம்பும்போதே பேசி வைத்ததுதான். கயிறு கிடைக்காவிட்டால் மிதவையை விட்டு அதன் நூலைப் பிடித்தபடி ஏறுவது, மிதவையை விடும் வேலை என்னுடையது. கூட்டாளிக்குச் சைகை காட்டினேன். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் என் கேஜில் 80 பார், அவருடையதில் 95.

மூடியின் வெல்க்ரோவைப் பிரித்துக் கையை விட்டேன். விரலில் முதலில் பட்டது ஒரு ஸ்னாப். அடுத்ததும் ஸ்னாப். கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு ஏழும் ஒன்றுதான். சுருட்டிய துணிபோல ஏதோ கிடைத்ததும் அதுதான் மிதவை என்று இழுத்தேன். மிதவைதான். ஆனால் அது தனியாக வரவில்லை. எலாஸ்டிக் முழுக்க இழுபட்டு, மாஸ்க், ஸ்பூல், வெட்நோட்ஸ், டார்ச் எல்லாம் ஒரே கொத்தாக வெளியே வந்து, முழங்காலுக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றன. திருவிழாவில் சாவிக்கொத்து விற்பவன் கையில் இருப்பது மாதிரி.

இனி பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இங்கேதான் உடம்பின் நிலை கெட்டது. மாஸ்க்கின் கீழ் விளிம்பும் வாயில் இருக்கும் ரெகுலேட்டரும் தொடையை மறைக்கும். தொடையில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் தொங்கப்போட்டு, முதுகை வளைத்து, காலைத் தூக்க வேண்டும். அப்படிச் சுருண்டால் கிடைமட்டமாக மிதக்கிற நிலை போய்விடும். சமநிலைக்காகக் காலில் மாட்டிய துடுப்பை அசைப்போம், அசைத்தது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அப்போது தெரியாது. கூடவே, நுணுக்கமான வேலை செய்கிறவர்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சைப் பிடிப்போமே, அது. நெஞ்சில் ஒரு லிட்டர் காற்று கூடுதலாக நின்றாலே ஏறத்தாழ ஒரு கிலோ மிதப்பு கூடும். நான் மேலே போய்க்கொண்டிருந்தேன். ஏற ஏற நெஞ்சிலும் பிசிடியிலும் உள்ள காற்று விரிந்து இன்னும் தூக்கும். மூச்சைப் பிடித்தபடி ஏறுவது நுரையீரலுக்கு எவ்வளவு ஆபத்து என்பது முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித்தரும் பாடம். அது எனக்கும் தெரியும். கையில் சிக்கல் இருக்கும்போது தெரிந்தது எல்லாம் எங்கேயோ போய்விடுகிறது.

கம்ப்யூட்டர் கத்தியது காதில் விழுந்தது. என்னுடையது என்று உறைக்கவில்லை. கூட்டாளி என் கணுக்காலைப் பிடித்து இழுத்தபோதுதான் தலையைத் தூக்கினேன். அதற்குள் நான் இரண்டு ஸ்னாப்களைத் திறந்திருந்தேன். ஸ்பூல் இன்னும் வளையத்திலேயே தொங்கியது, ஆனால் அதன் நூல் கழன்று மற்றப் பொருள்களைச் சுற்றியிருந்தது. இரண்டாவதாக எதைத் திறந்தேன் என்று அப்போது தெரியாது.

அவர் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். என்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டே தன் வலது பைக்குள் கையை விட்டார். குனியவில்லை, பார்க்கவில்லை, கண் என் மேலேயே இருந்தது. மிதவையும் ஸ்பூலும் ஒன்றாக வெளியே வந்தன. மிதவையின் வாயில் பாதி அளவுக்குக் காற்றை விட்டார். 10 மீட்டரில் நிரப்பிய காற்று மேலே போகும்போது இரு மடங்காகும், பாதியே போதும். ஸ்பூல் அவர் விரல்களுக்கு நடுவே சுழன்றது, ஆரஞ்சுக் குழாய் மேலே போய்விட்டது.

நான் மூட்டையை இடது கையால் வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி பின்னால் ஏறினேன். பிசிடியின் காற்றைக் குறைக்க வேண்டிய கை அதுதான், தோளிலிருந்து வரும் குழாய் இடப்பக்கம் இருக்கிறது. அதனால் இடுப்புக்குப் பின்னால் உள்ள வால்வின் கயிற்றை வலது கையால் தேடி இழுத்துக்கொண்டே வந்தேன். வழக்கமான பாதுகாப்பு நிறுத்தமாக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றோம். மேலே வந்தபோது என் கேஜில் 47.

இந்தக் கணக்கைப் பிற்பாடு போட்டுப் பார்த்தேன். சாதாரணமாக நான் மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு 18 லிட்டர் சுவாசிப்பவன். 12 மீட்டரில் அழுத்தம் 2.2 பார், எனவே நிமிடத்துக்கு 40 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 3 பாருக்குக் கொஞ்சம் மேல். பையோடு மல்லுக்கட்டிய அந்த 3 நிமிடத்தில் போனது 19 பார், நிமிடத்துக்கு 6க்கும் மேல். வேலை என்னவோ உட்கார்ந்த இடத்தில் பையைத் துழாவியதுதான், மூச்சு வாங்கியது ஓடினவன் மாதிரி.

மேசையில்

படகில் மூட்டையை மடியில் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். மாஸ்க் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டாவதாகத் திறந்த ஸ்னாப் அதனுடையது. அது எப்போது விழுந்தது என்று இருவரும் பார்க்கவில்லை. கூட்டாளி என்னைவிட இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நேரம் நான் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணா, ஸ்பூலைக் கழட்டும்போது எந்த முனையைத் திறந்தீங்க?”

“மேல் முனையைத்தாம்மா.”

“எது மேல் முனைன்னு கைக்கு எப்படித் தெரிஞ்சது?”

என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விதான் ஆய்வின் பாதி. ஸ்பூலில் நூல் தானாகப் பிரியாமல் இருக்க, ஓரத்துளை ஒன்றில் இருமுனை ஸ்னாப்பை நுழைத்து நூலை அதில் பிடித்து வைப்பது வழக்கம். நான் அந்த ஸ்னாப்பின் ஒரு முனையை ஸ்பூலில் விட்டு, மறு முனையைப் பையின் எலாஸ்டிக்கில் மாட்டியிருந்தேன். ஒரே ஸ்னாப்புக்கு இரண்டு வேலை. ஒரு முனையைத் திறந்தால் ஸ்பூல் பையிலிருந்து விடுபடும், மறு முனையைத் திறந்தால் நூல் ஸ்பூலிலிருந்து விடுபடும். இரண்டு முனைக்கும் ஒரே வடிவம், ஒரே அளவு, ஒரே மாதிரி நகரும் பித்தான். நான் தவறான முனையைத் திறந்தேன். மேசையில் வைத்துப் பார்க்கும்போது இது குழந்தைக்கும் புரியும். தொடைக்குக் கீழே, கையுறைக்குள், நிச்சயமாக ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்புதான்.

வீட்டுக்கு வந்து 13 பொருள்களையும் (மாஸ்க்கின் இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தோடு) மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேட்டேன். இது தொலைந்தால் என்ன ஆகும்? இது கைக்கு வராவிட்டால் என்ன ஆகும்? ஸ்பூல் தொலைந்த அன்று நான் கேட்டது முதல் கேள்வியை மட்டும். அதற்குச் சரியான விடை இறுக்கிக் கட்டுவது. இரண்டாவது கேள்விக்கு விடை அதற்கு நேர் எதிர். ஒரு பொருளை எவ்வளவு பத்திரமாகப் பூட்டுகிறோமோ அவ்வளவு தூரம் அது கையை விட்டு விலகுகிறது. இந்த இழுபறியை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டியிருக்க, நான் ஏழுக்கும் சேர்த்து ஒரே வளையத்தில் தீர்த்திருந்தேன்.

இப்படிக் கேட்டதும் சில பொருள்களைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது. ஓ-ரிங் டப்பா. சிலிண்டரில் காற்று திறந்திருக்கும்போது தண்ணீருக்குள் ஓ-ரிங்கை மாற்றவே முடியாது. அதை இத்தனை டைவாக 22 மீட்டர் ஆழம் வரை உலா கூட்டிப்போயிருக்கிறேன். மாற்று மவுத்பீஸும் அப்படித்தான். மவுத்பீஸ் கிழிந்தால் தண்ணீருக்குள் செய்யக்கூடியது மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு மேலே வருவது. இரண்டும் படகில் இருக்கும் உபரிப் பெட்டிக்குப் போயின.

கட்டரின் விஷயம் வேறு. அது பைக்குள் இருந்ததே தப்பு. தூண்டில் நரம்போ வலையோ உடம்பில் சுற்றினால் எந்தக் கை மாட்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எந்தக் கையாலும் எடுக்க முடிகிற இடம் நெஞ்சும் வயிறும்தான். கட்டர் இப்போது இடுப்புப் பட்டையின் முன்பக்கத்தில், சிறு உறையில். கத்தரிக்கோலும் வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கட்டரால் மெல்லிய நூல் சட்டென்று அறும், தடித்த கயிறோ உலோக நரம்போ சிக்கினால் கத்தரிக்கோல்தான் பேசும். சிதைந்த கப்பல்களில் மூழ்கும் நாளுக்கு மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு.

தலைக்கு மேல் பாறை இருக்கும் நீர்க்குகைகளில் மூழ்குபவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட ரொம்ப தூரம் முன்னால் இருக்கிறார்கள். சிக்கலை மேலே போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்ற சலுகை அவர்களுக்கு இல்லை. புளோரிடாவின் நீர்க்குகைகளில் மூழ்கிய வில்லியம் ஹோகார்த் மெயின் பெயராலேயே ஹோகார்த்தியன் என்று ஒரு முறை வழங்குகிறது. தேவையில்லாததை உடம்பில் ஏற்றாதே, தேவையானதைத் தொங்கவிடாதே என்பதுதான் அதன் சாரம். அவர்களிடமிருந்து இரண்டு பழக்கங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, உலோகத்தோடு உலோகத்தைச் சேர்க்காமல் நடுவில் ஒரு துண்டு நூலாவது இருக்க வேண்டும். ஸ்னாப் துருவேறி இறுகிவிட்டால் உலோகத்தை அறுக்க முடியாது, நூலை அறுக்கலாம். இன்னொன்று, அழுத்தினால் உள்பக்கமாகத் திறக்கும் மலையேற்றக் கொக்கி போன்ற கிளிப்புகளை வாங்காமல் இருப்பது. நூலோ வலையோ அதில் உரசினால் தானாகவே உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். டைவர்கள் அதற்குத் தற்கொலைக் கிளிப் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். போல்ட் ஸ்னாப்பில் பித்தானை விரலால் இழுத்தால் மட்டுமே வாய் திறக்கும்.

புது ஒழுங்கு

வலது பையில் மிதவையும் ஸ்பூலும் மட்டும். மேலே ஏறும்போது இடது கை பிசிடிக்கு வேண்டும், ஆகவே வலது கைக்கு வேலை தரும் பொருள் வலது பையில். மிதவையையும் ஸ்பூலையும் முன்பே நூலால் இணைத்து வைப்பதா, வெளியே எடுத்தபின் இணைப்பதா என்று டைவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. முன்பே இணைத்தால் பைக்குள் நூல் பிரிந்து சிக்க வாய்ப்பு, பிறகு இணைத்தால் கையில் ஒரு வேலை கூடுதல். நான் முதல் கட்சிக்கு மாறிவிட்டேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஸ்பூலின் இருமுனை ஸ்னாப் நூலை மட்டும் பிடிக்கும், இரண்டு முனையும் ஸ்பூலிலேயே. பையில் மாட்டுவதற்கு மிதவையின் அடியில் ஒருமுனை ஸ்னாப் தனியாக. இனி பைக்குள் கை திறக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மிதவையை இறுகச் சுருட்டி, ஸ்பூலை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பட்டை.

இடது பையில் மாற்று மாஸ்க்கும் வெட்நோட்ஸும். புதிதாக வாங்கிய மாஸ்க் சட்டம் இல்லாதது, தட்டையாக மடியும், அதனால் பை புடைக்காது. கண்ணாடிப் பக்கம் தொடையைப் பார்க்க, வார் உள்ளே மடிந்திருக்கும். வெட்நோட்ஸின் அட்டைக்குள் கண்ணாடித் துண்டைச் செருகிவிட்டேன். விசில் பிசிடி ஊதும் குழாயில் கட்டப்பட்டது. மேற்பரப்பில் அலையில் ஆடும்போது அது வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தொடையில் இருந்து என்ன பயன்? டார்ச் நெஞ்சில் உள்ள டி-ரிங் வளையத்துக்குப் போனது. உபரி இருமுனை ஸ்னாப்பும் அங்கேயே. பக்கத்தில் கூடுதல் சிலிண்டர் மாட்டிக்கொண்டு மூழ்குபவர்கள் இந்தப் பிரிவினையை அப்படியே எடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் இடப்பக்கம் தொங்கும், இடது பையை அரைவாசி மூடிவிடும். என்னிடம் அது இல்லை.

எலாஸ்டிக் வளையம் இப்போது பொருளுக்கு ஒன்று. அதன் நீளத்தில்தான் நான் இரண்டு முறை தோற்றேன். முதலில் பயந்துபோய் மிகக் குட்டையாகக் கட்டினேன். ஸ்னாப் பையின் அடியை விட்டு நகரவே இல்லை, திறக்கக் கை மணிக்கட்டு வரை உள்ளே போக வேண்டியிருந்தது. அடுத்து நீளமாக விட்டேன், பழையபடி மற்றதைச் சுற்றியது. கடைசியில் கிடைத்த அளவு இது: இழுத்துப் பிடித்தால் ஸ்னாப் பையின் வாய்க்கு மேலே ஒரு விரல் நீளம் வர வேண்டும், விட்டால் முழுக்க உள்ளே போக வேண்டும். பொருளையும் ஸ்னாப்பையும் இணைக்கும் நூல் இதைவிட முக்கியம். முன்பு அது ஒரு சாண் இருந்தது, ஸ்னாப்பைத் தொட்டாலும் அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். ஸ்னாப்பைப் பிடித்தால் பொருளும் உள்ளங்கையில் இருக்கும்.

விரலுக்குப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்னொன்றும் செய்தேன். மாஸ்க்கின் ஸ்னாப்புக்கு மேலே நூலில் ஒரு பெரிய முடிச்சு. வெட்நோட்ஸின் ஸ்னாப்பில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டினேன். நிறம் அடித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். சிவப்பு நிறம் சில மீட்டருக்குள்ளேயே மங்கிப்போகும், அதுவும் போக, பார்க்க வேண்டியிருந்தாலே பழைய கதைதான்.

சோதித்தபோது

முதலில் நாற்காலியில். கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஈரக் கையுறையோடு, கண்ணை மூடி உட்கார்ந்தேன். கூட்டாளி பொருளின் பெயரைச் சொல்ல, நான் எடுத்துத் தர வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஒழுங்கையும் மறுபடி கட்டினோம். பழையதில் மிதவையையும் ஸ்பூலையும் பிரித்துத் தர எனக்கு ஒரு நிமிடம் 10 விநாடி ஆனது, அதுவும் நாற்காலியில். புதியதில் 12 விநாடி.

நீச்சல்குளத்தில் 3 மீட்டரில் வேறு பாடம் கிடைத்தது. எடுப்பது எளிதாகிவிட்டது, திரும்ப வைப்பதுதான் வரவில்லை. மாஸ்க்கைப் பைக்குள் திணித்துவிட்டு அப்புறம் ஸ்னாப்பை மாட்டப் போனேன், மாஸ்க் நழுவி வெளியே எட்டிப் பார்த்தது. வரிசையை மாற்றினோம். முதலில் ஸ்னாப் மாட்டு, மாட்டியதை ஒரு முறை இழுத்துப் பார், அப்புறம்தான் உள்ளே தள்ளு, கடைசியில் மூடியை உள்ளங்கையால் அழுத்தித் தடவு. பத்து முறை செய்தபின் கை தானாகச் செய்தது.

மாஸ்க் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் மாஸ்க் இல்லாமல், மூக்கில் தண்ணீர் ஏறும் நிலையிலேயே செய்தோம். மாஸ்க் போனவனுக்குக் கண் தெரியாது, அவன் பையைக் குனிந்து பார்ப்பான் என்று எதிர்பார்த்து ஒழுங்கு செய்வதில் அர்த்தமில்லை. வார் உள்ளே மடிந்திருந்ததால் முதல் முறை அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டேன். மூக்குப் பகுதி நெற்றியில். கூட்டாளி ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு சிரித்ததில் எழும்பிய குமிழிகளின் சத்தம் எனக்குக் கேட்டது. அதன்பின் முடிச்சு எப்போதும் மூக்குப் பக்கத்தில் இருக்கும்படி மாற்றிக் கட்டினேன்.

கடலில் மூன்று டைவ்கள் இதே நோக்கத்தோடு போனோம். முதலாவதில் நீரோட்டமே இல்லை, சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவதில் 12 மீட்டரில் மிதவையை விட்டேன். கோடு மேலும் கீழும் அரை மீட்டர் ஆடியது, அவ்வளவுதான். மூன்றாவதில் ஸ்னாப்பின் பித்தான் நகரவில்லை. முந்தின டைவுக்குப் பின் கழுவாமல் காயவிட்டிருந்தேன், ஸ்பிரிங்குக்குள் உப்பு இறுகியிருந்தது. இடது கையால் பிசிடியைப் பார்த்துக்கொண்டே, இடுப்பில் இருந்த கட்டரை வலது கையால் எடுத்து நூலை அறுத்து மிதவையை எடுத்தேன். நடுவில் நூல் வைத்தது அன்று பலித்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. கூட்டாளிக்கு இல்லை. “கழுவியிருந்தா அறுக்க வேண்டியதில்லையே அண்ணா” என்றார். இப்போது ஒவ்வொரு டைவுக்குப் பின்னும் பையை உள்வெளியாகத் திருப்பி நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொரு ஸ்னாப்பின் பித்தானையும் தண்ணீருக்குள்ளேயே ஐந்தாறு முறை இழுத்து விடுகிறேன். அடியில் நீர் வடியும் துளையில் மணல் அடைத்திருக்கிறதா என்றும் பார்ப்பேன். துளை அடைத்தால் படகில் ஏறும்போது தொடையில் ஒரு லிட்டர் தண்ணீரையும் சுமந்துகொண்டு ஏணி ஏற வேண்டியிருக்கும்.

நீச்சல்குளத்தின் குளோரின் எலாஸ்டிக்கை வேகமாகத் தளர்த்துகிறது என்பதையும் கவனித்தேன். பயிற்சிக்குப் பயன்படுத்திய வளையங்களைக் கடலுக்குப் போகுமுன் மாற்றிவிட்டேன்.

கிளம்பும் முன் படகில் ஒருவரையொருவர் சரிபார்க்கும்போது இப்போது ஒரு வரி கூடுதல். காற்று, பிசிடி, எடை, பட்டைகள் எல்லாம் பார்த்தபின் “மிதவை?” என்று அவர் கேட்பார், நான் பார்க்காமல் வலது தொடையைத் தட்ட வேண்டும். அவருடைய மிதவை எங்கே இருக்கிறது என்றும் நான் சொல்ல வேண்டும். அன்று 8 மீட்டரில் அவரால் முடியாமல் போயிருந்தால் அவர் பையில் கைவிட வேண்டியவன் நான், அவர் எதை எங்கே வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தீராத வழக்கு ஒன்று மிச்சம். வலைப்பை. அதை நான் விடவில்லை, மடித்து இடது பையின் ஓரத்தில் சும்மா செருகி வைத்திருந்தேன். கூட்டாளி கண்டுபிடித்துவிட்டார்.

“இது எதுக்கு அண்ணா?”

“குப்பை கண்ணுல பட்டா பொறுக்கலாமேம்மா. சின்னதுதானே, தொலைஞ்சாலும் பரவாயில்லை.”

“தொலைஞ்சா அதுவும் குப்பைதானே?”

அதற்கும் ஒரு வளையம் கட்டினேன். இடது பையில் இப்போது மூன்று வளையங்கள். கேமரா விளக்கை வாங்கினால் எங்கே வைப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.